வக்கீல் விளம்பரம் பிறந்த கதை

பீங்கானுக்குப் பெயர்போன விருத்தாசலம் போன்ற ஊர்களில் உள்ளூர் கேபிள் சேனலைப் போட்டால் ஜவுளிக்கடை, நகைக்கடை, டுடோரியல் என்று விளம்பரங்கள் ஓடும். நாலைந்து போட்டோ, பின்னால் ஒரு மெட்டு, கனத்த குரல், கீழே போன் நம்பர். குறைந்த செலவில் முடிந்துவிடும் வேலை. ஆனால், கோர்ட் உள்ள ஊராக இருந்தாலும் வக்கீல் விளம்பரம் மட்டும் வராது. அமெரிக்காவிலோ உள்ளூர்த் தொலைக்காட்சியில் அடிக்கடி தென்படும் முகம் வக்கீலுடையது. சட்டப் புத்தக அலமாரியின் முன் நின்று, விபத்தில் அடிபட்டவர்களைத் தன்னைக் கூப்பிடச் சொல்வார்.

அந்த விளம்பரத்துக்கு வழி திறந்தது ஒரு விலைப்பட்டியல். 1974இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் பேட்ஸ், வான் ஓஸ்டீன் என்ற இரண்டு இளம் வக்கீல்கள் ஒரு சட்ட மையம் தொடங்கினார்கள். இலவச உதவிக்குத் தகுதி இல்லாத, அதே சமயம் பெரிய வக்கீலை வைக்க வசதியும் இல்லாத மக்களுக்கான மையம் அது. கட்டணத்தைக் குறைத்தால் நிறைய வழக்குகள் வர வேண்டும். வழக்குகள் வர, ஊருக்குத் தெரிய வேண்டும். 1976 பிப்ரவரி 22 அன்று ‘அரிசோனா ரிபப்ளிக்’ நாளிதழில் கட்டணத்தை வெளியிட்டார்கள். தகராறில்லாத விவாகரத்துக்கு 175 டாலர், பெயர் மாற்றத்துக்கு 95 டாலர், கோர்ட் கட்டணம் தனி.

மாநில வழக்கறிஞர் சங்கம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977 ஜூன் 27 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வழக்கமான சட்டப் பணிக்கான கட்டணத்தை உண்மையாகச் சொல்லும் விளம்பரத்தைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பானது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பிளாக்மன். எவ்வளவு செலவாகுமோ என்ற பயத்திலேயே பலர் வக்கீலிடம் போகாமல் இருந்துவிடுகிறார்கள் என்பதை அந்தத் தீர்ப்பு கணக்கில் எடுத்துக்கொண்டது.

வானொலி, தொலைக்காட்சி விளம்பரங்களைத் தனியாக ஆராய வேண்டியிருக்கும் என்றும் அதே தீர்ப்பு சொல்லியிருந்தது. ஆனாலும் அந்த ஆண்டிலேயே லாஸ் ஏஞ்சலிஸின் ஜேகோபி அண்டு மேயர்ஸ் நிறுவனம் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் விபத்து வழக்குகளைக் குறிவைத்தார்கள். அங்கே அத்தகைய வழக்குக்கு முன்பணம் வாங்குவதில்லை; ஜெயித்தால் இழப்பீட்டில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு வக்கீலுக்கு. பெரிய வழக்கு ஒன்று அமைந்தாலே விளம்பரச் செலவு திரும்பிவிடும். அதனால் பகலிலும் நள்ளிரவிலும் மலிவாகக் கிடைக்கும் நேரத்தை வாங்கினார்கள். அடிபட்டு வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருப்பவர் டிவி பார்க்கும் நேரமும் அதுதான்.

அதே ஆண்டுகளில் இந்தியா எதிர்த்திசையில் நடந்தது. பம்பாய் மாஜிஸ்திரேட் கோர்ட் வாசலில் கட்சிக்காரர்களை முண்டியடித்து இழுத்த வக்கீல்கள் பற்றிய தபோல்கர் வழக்கில், 1975இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சட்டத் தொழில் வியாபாரம் இல்லை, வழக்கு சரக்கும் இல்லை என்று அதில் அழுத்தமாக எழுதினார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பார் கவுன்சிலின் 36ஆம் விதி விளம்பரத்தைத் தடுக்கிறது. பெயர்ப்பலகைகூட அளவோடுதான் இருக்க வேண்டும். வெற்றித் தொகையில் பங்கு பேசுவதை 20ஆம் விதி தடுக்கிறது. அமெரிக்க விளம்பரத்துக்குத் தீனி போட்ட வருமானம் இங்கே உருவாகவே இல்லை. 2008இல், இணையதளத்தில் பெயர், முகவரி, படிப்பு, எந்தத் துறை வழக்கு நடத்துபவர் என்ற விவரங்களைத் தர மட்டும் அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில், இணையத் தளங்கள் வழியாக வழக்குப் பிடிப்பவர்கள்மீது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் தடை மட்டும் போதாது. விளம்பரம் இல்லாத இடத்தில் ஏழையின் கையைப் பிடித்து வக்கீலிடம் கூட்டிப்போவது பல நேரம் தரகர்தான். கிருஷ்ணய்யர் இதை அறிந்தவர். அவர் தலைமையிலான குழு 1973லேயே இலவச சட்ட உதவி பற்றி அறிக்கை தந்திருந்தது. பிறகு அந்த உதவிக்காக அரசியலமைப்பில் 39ஏ பிரிவு சேர்ந்தது. 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்களுக்கான சட்டம் வந்தது. இலவச உதவி பெறத் தகுதியானவர்களைச் சொல்லும் அதன் 12ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளோடு தொழிற்சாலைத் தொழிலாளியும் இருக்கிறார். பீங்கான் தொழிற்சாலையின் சூளையில் வேலை பார்ப்பவர், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அரசு செலவில் வக்கீல் கேட்கலாம். கூப்பிட வேண்டிய எண் 15100.

இதைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உள்ளூர் கேபிளில் தினமும் சொல்ல எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. கட்டணம் எவ்வளவு என்று மக்களுக்குத் தெரியட்டும் என்பதற்காகவே ஃபீனிக்ஸ் வக்கீல்கள் தண்டனைக்கும் துணிந்தார்கள். இங்கே பல லட்சம் பேருக்கு அந்தக் கேள்விக்கு விடை, கட்டணமே இல்லை என்பது. அந்த விடை சட்டப் புத்தகத்துக்குள்ளேயே கிடந்தால், தரகருக்குத்தான் லாபம்.