தொப்பியும் தலைப்பாகையும்

திருநெல்வேலியில் நாம் பாடஞ்சொல்லும் வகுப்பில், 1857ஆம் ஆண்டுச் சிப்பாய்க் கலகத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவனொருவன் எழுந்தான். "வெள்ளைக்காரப் படைவீரனை ஏன், சேர், சிப்பாய் என்பதில்லை?" விடை தேடி நாம் சென்றடைந்த இடம் பழைய புதுச்சேரி.

'சிப்பாய்' பாரசீகச் சொல்லடியாகப் பிறந்தது. படையைச் சேர்ந்தவன் என்பதே பொருள். பிரெஞ்சு மொழியின் 'சொல்தா' கூலிபெறும் படைவீரன். அச்சொல்லின் அடியில் கிடப்பது உரோம நாணயமொன்றின் பெயர். பொருளளவில் இரண்டுக்கும் பெரும் பேதமில்லை. 1740ஐ அண்டி ஆளுநர் துமா உள்நாட்டவரைத் திரட்டி ஐரோப்பிய முறையிற் பயிற்றியபோது, பேதம் உண்டாக்கப்பட்டது. ஐரோப்பியன் சொல்தா, இந்நாட்டான் சிப்பாய். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பிலும் சொலுதாது வேறு, சிப்பாய் வேறு. 1746இல் அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிதறடித்த சிறுபடையில் இருசாராரும் சேர்ந்தே போரிட்டனர். கூலி மட்டும் ஒன்றாக இருக்கவில்லை.

இத்தீவிலும் போர்த்துக்கேயர் முன்னரே இதைச் செய்திருந்தனர். தம்மவன் 'சொல்தாது', இத்தீவினன் 'லஸ்கரின்'. (சிங்களத்தில் 'சொல்தாதுவா' இன்றும் வழங்குகிறது.)

பிரிவினையின் வெளியடையாளம் தலையிலிருந்தது. சொல்தாவுக்கு முக்கோணத் தொப்பி, சிப்பாய்க்குத் தலைப்பாகை. இடையே 'தொப்பாசு' என்றொரு கூட்டம்: போர்த்துக்கேய வழிவந்தோரும், கத்தோலிக்கராகி ஐரோப்பிய உடை தரித்தோரும். அப்பெயர் தொப்பியால் வந்ததென்பாரும், துபாஷி என்பதன் திரிபென்பாரும் உளர். பிரெஞ்சு ஏடுகளோ அவர்களைத் 'தொப்பிக்காரர்' என்றே குறித்தன. மேனி கறுப்பாயினும் தொப்பி அணிந்தவன் சிப்பாய்க்கு ஒருபடி மேல்! சாதிப்படிகளை நன்கறிந்த நமக்கு இது புதுமையன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அல்ஜீரியப் போர்க்களத்தின் வெயிலுக்கேற்ற இலேசான தொப்பியைப் பிரெஞ்சுப் படை வகுத்துக்கொண்டது. 'கெப்பி' என்னும் அதன் பெயர், சிறுதொப்பி எனப் பொருள்படும் சுவிற்சர்லாந்து ஜெர்மன் சொல். ஆங்கே திரட்டிய குதிரைவீரருக்கு 'ஸ்பாஹி' என்று பெயர்; நம் சிப்பாயின் உடன்பிறந்த சொல். அதிகாரிக்குக் கெப்பி, ஸ்பாஹிக்குத் தலைப்பாகை.

1881ஆம் ஆண்டு ஆணை, தம் குலவழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கப் புதுச்சேரித் தமிழருக்கு வழிதிறந்தது. ஒடுக்கப்பட்ட சாதியார் பலர் அவ்வழியே நடந்தனர். அவ்வாறு துறந்தவருட் பலர் இந்தோசீனத்திற் படைப்பணி புரிந்து, ஓய்வூதியத்தோடு மீண்டனர். ஊரார் அவர்களைச் 'சொல்தா' என்று அழைத்தனர். ஒருகாலத்தில் வெள்ளையனுக்கே உரித்தாயிருந்த பெயர் அது.

புதுச்சேரி 1962இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அங்குள்ள காவலர் தலையில் இன்றும் சிவப்புக் கெப்பிதான்.