பார் வைத்த சைக்கிளும் சில சிரிப்புகளும்

போன வருடம் எங்கள் குடும்பத்துக் காதுகுத்து விழாவில் நான் ஒரு கதை சொன்னேன். கதாநாயகி என் அம்மா. கீரனூர் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் அவருக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, பணம் அனுப்பும் செயலியையும் போட்டுக் கொடுத்திருந்தேன். முதல் தடவை மளிகைக்கடையில் ஸ்கேன் செய்யச் சொன்னபோது, அம்மா போனின் முதுகை அந்த அட்டைமேல் அப்படியே ஒட்ட வைத்துவிட்டு, "ஒண்ணும் வரலையேப்பா" என்று நின்றிருக்கிறார். நான் நடித்தே காட்டினேன். பந்தல் முழுக்கச் சிரிப்பு. அம்மாவும் சிரித்தார்.

அதற்குப் பிறகு போனைப் பற்றி அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று மாதம் கழித்து ஊருக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கரண்ட் பில் கட்டவும் கேஸ் பதியவும் தெருமுனைக் கடைப் பையனிடம் போனைக் கொடுத்துவிடுகிறார். ரகசிய எண்ணையும் சேர்த்து! ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன். "அவன் சிரிக்க மாட்டான்" என்றார்.

பெண்கள் வரலாற்றைப் படிப்பதும் எழுதுவதும்தான் என் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது என்ற செய்தி கிளம்பினால், அதன் பின்னாலேயே ஒரு ஜோக்கும் கிளம்பிவிடும். அந்த ஜோக்கில் பெரும்பாலும் ஒரு பெண் இருப்பாள். அவளுக்கு அதை ஓட்டத் தெரியாது, அல்லது அதைக் கையில் எடுத்தால் விடமாட்டாள். இந்தச் சிரிப்புக்கு எத்தனை வயது என்று தேடிப் பார்த்தால், நூறு வருடத்துக்கும் மேலே போகிறது.

சைக்கிளில் இருந்து தொடங்குவோம். 1890களில் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் கலக்கிய புதுக் கருவி அதுதான். அதற்கு முன்பிருந்த, ஆளுயர முன்சக்கரம் வைத்த வண்டியில் நீளப் பாவாடையோடு ஏறவே முடியாது. இரண்டு சக்கரமும் ஒரே அளவில், காற்றடைத்த டயரோடு வந்த புது சைக்கிளில் ஏறலாம். பெண்கள் ஏறினார்கள். உடனே கேலிப் படங்கள் வந்தன. கால்சட்டை போட்ட மனைவி சைக்கிளோடு நிற்பாள், கணவன் துணி துவைத்துக்கொண்டிருப்பான். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மனைவி துணி துவைத்து, கணவன் சைக்கிளில் போனால் அது ஜோக் இல்லை, செவ்வாய்க்கிழமை.

மருத்துவர்கள் சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 'சைக்கிள் முகம்' என்று ஒரு நோயையே கண்டுபிடித்தார்கள். சைக்கிள் ஓட்டினால் கண் பிதுங்கும், தாடை இறுகும், முகம் களையிழந்துவிடும். ஆண்களுக்கும் வரலாமாம், ஆனால் பெண்களுக்குத்தான் ஆபத்து அதிகமாம். முகம் போனால் கல்யாணம் எப்படி ஆகும் என்ற பயத்துக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இதெல்லாம் சும்மா வேடிக்கைதானே என்று தோன்றினால், 1897 மே மாதம் கேம்பிரிட்ஜில் நடந்ததைப் பாருங்கள். பெண்கள் அங்கே படிக்கலாம், தேர்வும் எழுதலாம், பட்டம் மட்டும் கிடையாது. பட்டம் கொடுக்கலாமா என்று பல்கலைக்கழகம் வாக்கெடுப்பு நடத்திய அன்று, எதிர்த்த ஆண் மாணவர்கள் ஒரு கொடும்பாவி செய்து தெருவுக்கு மேலே தொங்கவிட்டார்கள். கையில் புத்தகத்தோடு இருக்கும் பெண்ணை அவர்கள் செய்யவில்லை, சைக்கிளில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத்தான் செய்தார்கள். தீர்மானம் தோற்றது, மாணவர்கள் கொண்டாடினார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் கிடைத்தது 1948இல். அந்தச் சிரிப்பு ஓய ஐம்பத்தொரு வருடம் ஆயிற்று.

இதே காலத்தில் பிரான்சஸ் வில்லார்டு என்ற அமெரிக்கப் பெண்ணுரிமைத் தலைவர் 53 வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டார். தன் சைக்கிளுக்கு கிளாடிஸ் என்று பெயர் வைத்தார். தினம் பத்துப் பதினைந்து நிமிடமாக மூன்று மாதம் பழகி, அந்த அனுபவத்தை 1895இல் ஒரு சிறு புத்தகமாக எழுதினார். தான் விழுந்ததை, தடுமாறியதை எல்லாம் அவரே வேடிக்கையாகச் சொல்கிறார். தன்னைப் பார்த்துத் தானே சிரித்த அந்தப் பெண்மணியை வேறு யார் கேலி செய்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த கருவி தொலைபேசி. தொடக்கத்தில் இணைப்பகங்களில் வேலை பார்த்தவர்கள் பதின்வயதுப் பையன்கள். அவர்கள் வாடிக்கையாளர்களைத் திட்டினார்கள், சண்டை போட்டார்கள், வேலை நேரத்தில் விளையாடினார்கள். சரிப்பட்டு வரவில்லை. 1878 செப்டம்பர் 1ஆம் தேதி பாஸ்டனில் எம்மா நட் வேலைக்குச் சேர்ந்தார். உலகின் முதல் பெண் தொலைபேசி ஆபரேட்டர் அவர். கொஞ்ச காலத்தில் அந்த வேலை முழுக்கப் பெண்களுடையது ஆனது. பொறுமை, கவனம், குறைந்த சம்பளம் என்று மூன்றும் ஒரே ஆளிடம் கிடைத்தால் எந்த முதலாளிதான் விடுவார்?

மறுபக்கம், பேசுகிற பெண்களைப் பற்றிய ஜோக்குகள் குவிந்தன. தொலைபேசி என்பது வியாபாரத்துக்கும் அவசரத்துக்கும் உள்ளது, பெண்கள் அதில் வம்பு பேசி வீணாக்குகிறார்கள் என்று தொலைபேசி நிறுவனங்களே சலித்துக்கொண்டன. பக்கத்து வீடு இரண்டு மைல் தள்ளியிருக்கும் பண்ணையில் நாளெல்லாம் தனியாகக் கிடந்த பெண்ணுக்கு அந்த 'வம்பு' என்னவாக இருந்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. 1920களில் நிறுவனங்களுக்கு ஞானோதயம் பிறந்தது. உறவினர்களோடு பேசுங்கள், நண்பர்களோடு பேசுங்கள் என்று அவர்களே விளம்பரம் செய்யத் தொடங்கினார்கள். தொலைபேசி எதற்கு என்பதைக் கண்டுபிடித்தவர்கள் அந்த 'வம்புக்காரிகள்'தான். அதற்கு யாரும் காப்புரிமை தரவில்லை.

ஆபரேட்டர்களுக்குச் செல்லமாக ஒரு பட்டப்பெயரும் இருந்தது, 'ஹலோ கேர்ள்ஸ்'. முதல் உலகப் போரில் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசத் தெரிந்த 200க்கும் மேற்பட்ட 'ஹலோ கேர்ள்'களை அமெரிக்க ராணுவம் பிரான்சுக்கு அனுப்பியது. சீருடை போட்டார்கள், உறுதிமொழி எடுத்தார்கள், போர்முனைக் கட்டளைகளை இணைத்துக் கொடுத்தார்கள். போர் முடிந்து திரும்பியதும், நீங்கள் ராணுவத்தினர் இல்லை, வேலைக்கு வந்த பொதுமக்கள் என்று ராணுவம் சொல்லிவிட்டது. முன்னாள் வீரர் சலுகை இல்லை. அவர்களை முன்னாள் ராணுவத்தினராக ஏற்கும் சட்டம் 1977இல்தான் வந்தது. அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் இறந்துபோயிருந்தார்கள். செல்லப் பெயர் வைத்துக் கூப்பிட்டவர்கள் கடைசிவரை அவர்கள் செய்ததை வேலையாகப் பார்க்கவில்லை.

இனி கணினி. 'கம்ப்யூட்டர்' என்பது முதலில் இயந்திரத்தின் பெயர் இல்லை, கணக்குப் போடும் ஆளின் பெயர். இரண்டாம் உலகப் போரில் பிலடெல்பியாவில் பீரங்கிக் குண்டு பாயும் பாதையைக் கணக்கிட்ட கம்ப்யூட்டர்கள் இளம்பெண்கள். ஒரு பாதையைக் கையால் கணக்கிட 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வேலைக்காகவே 'எனியாக்' என்ற முப்பது டன் மின்னணு இயந்திரத்தைக் கட்டினார்கள். அதற்குக் கணக்கைப் புகட்ட ஆறு பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள்: கேத்லீன் மெக்நல்டி, பெட்டி ஜீன் ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான்சஸ் பிலாஸ், ரூத் லிக்டர்மன். கையேடு இல்லை, கணினி மொழி என்ற ஒன்றே அப்போது இல்லை. வயரிங் வரைபடங்களைப் பார்த்துத்தான் அந்த இயந்திரத்தைப் புரிந்துகொண்டார்கள்.

1946 பிப்ரவரியில் எனியாக்கைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். குண்டு பறக்கும் நேரத்தைவிடக் குறைந்த நேரத்தில் அதன் பாதையை இயந்திரம் சொல்லிவிட்டது. 'ராட்சத மூளை' என்று பத்திரிகைகள் வாயைப் பிளந்தன. அந்தச் செய்முறைக்கான நிரலைச் சரிசெய்தவர்கள் ஸ்னைடரும் ஜென்னிங்ஸும். விழா முடிந்து நடந்த விருந்துக்கு அந்த ஆறு பேருக்கும் அழைப்பு இல்லை. 1980களில் கேத்தி கிளைமன் என்ற மாணவி, எனியாக் புகைப்படங்களில் நிற்கும் பெண்கள் யார் என்று விசாரித்தார். அவர்கள் 'ஃபிரிட்ஜ் லேடிகள்' என்று பதில் வந்தது. அதாவது, ஃபிரிட்ஜ் விளம்பரத்தில் கதவைத் திறந்து சிரித்துக்கொண்டு நிற்கும் மாடல்களைப் போல, இயந்திரம் அழகாகத் தெரிய நிறுத்திவைத்தவர்களாம்! கிளைமன் நம்பவில்லை. தேடிப் போய் அவர்களில் நால்வரைச் சந்தித்துப் பேசிப் பதிவு செய்தார். அவர் அந்தப் பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போயிருந்தால் இந்த ஆறு பெயரையும் நான் இங்கே எழுதியிருக்க முடியாது.

பழைய காலம் அப்படி, இப்போது மாறிவிட்டது என்பீர்கள். 2019 ஏப்ரல் 10, கருந்துளையின் முதல் படம் வெளியான நாள். கணினித் திரையில் படம் உருவாவதைப் பார்த்து, கையால் வாயைப் பொத்தி மகிழும் கேட்டி பௌமனின் புகைப்படம் உலகெங்கும் பரவியது. ஓரிரு நாளில் எதிர்ச் சிரிப்பு கிளம்பியது. ஒன்பது லட்சம் வரி நிரலில் எட்டரை லட்சம் வரியை எழுதியவர் ஆண்ட்ரூ செயல் என்ற ஆணாம், இந்தப் பெண் சும்மா போஸ் கொடுக்கிறாளாம். ஃபிரிட்ஜ் லேடி திரும்பி வந்துவிட்டாள்! மறுத்தவர் அந்த ஆண்ட்ரூ செயலே. அந்தக் கணக்கே தப்பு, மொத்த மென்பொருளே 68,000 வரிதான், பௌமனின் பங்களிப்பு இல்லாமல் அது நடந்திருக்காது என்று எழுதினார். இது இருநூறு பேர் கொண்ட குழுவின் உழைப்பு என்று பௌமன் முன்பே சொல்லியிருந்தார். வரி எண்ணிக்கையை வைத்து அறிவை அளக்க ஒரு பெண் வந்து நிற்கும்போது மட்டும்தான் இவர்களுக்குத் தோன்றுகிறது.

ஆக, பெண்கள் தொழில்நுட்பத்தைப் பற்றி ஜோக்கே அடிக்கக் கூடாதா? தாராளமாக அடிப்போம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. 2010 ஜனவரி 27 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் 'ஐபேட்' என்ற பெயரை அறிவித்தார். 'பேட்' என்றதும் மாதவிடாய் உள்ள எல்லோருக்கும் முதலில் எது நினைவுக்கு வருமோ, அதுதான் வந்தது. அன்றைக்கே இணையம் முழுக்க நாப்கின் ஜோக்குகள். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதே ஜோக்கைச் சில வருடம் முன்பே நாடகமாகப் போட்டுவிட்டார்கள் என்பது கூடுதல் வேடிக்கை. அந்தச் சிரிப்பில் ஒரு கேள்வி இருந்தது: பெயர் வைத்த அறையில் ஒரு பெண்கூட வாயைத் திறக்கவில்லையா?

நான்கு வருடம் கழித்துப் பதில் கிடைத்தது. 2014இல் அதே நிறுவனத்தின் உடல்நலச் செயலி வந்தது. இரத்த அழுத்தம் குறிக்கலாம், தூக்கம் குறிக்கலாம், எவ்வளவு குரோமியம் சாப்பிட்டீர்கள் என்றுகூடக் குறிக்கலாம். மாதவிடாயைக் குறிக்க மட்டும் இடம் இல்லை. பெண்கள் மறுபடியும் சிரித்தார்கள், திட்டினார்கள். அடுத்த வருடம் அது சேர்ந்தது. பெண்களின் கேலி கருவியைப் பார்த்து, அதில் என்ன குறை என்று சொன்னது. பெண்கள் மீதான கேலி ஆளைப் பார்த்து, உனக்கு இது எதற்கு என்று கேட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இதை எனக்கு முதலில் காட்டியிருக்க வேண்டியவர் என் அம்மா. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். அங்கன்வாடிப் பணியாளர்கள், கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள் என்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிள் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். 1992 மகளிர் தினத்தில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் மணியடித்துக்கொண்டு ஊர்வலம் போனார்கள். வழியெல்லாம் கேலிதான், அதுவும் எழுத முடியாத கேலி. அம்மாவும் கேட்டிருக்கிறார். அவர் வாங்கியது ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிள். அந்தப் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துத்தான் அங்கன்வாடிக்குப் போவார். நிறையப் பெண்கள் அப்படித்தான் வாங்கினார்கள். லேடீஸ் சைக்கிளில் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது?

தெருவெல்லாம் சிரித்தபோது இறங்காதவர், மகள் சிரித்ததும் இறங்கிவிட்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக ரகசிய எண்ணை மாற்றினோம். அம்மாவே மாற்றினார். நான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தவர், "ஏண்டி, எழுத்த ஏன் இவ்வளவு சின்னதா வச்சிருக்கான்? அனுப்பு, வேணாம் ரெண்டையும் ஏன் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கான்? வெரலு தடிச்சவங்க யாரும் காசு அனுப்ப மாட்டாங்களா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவரே சொன்னார்: "லேடீஸ் சைக்கிள் செஞ்சவன் வேலையாத்தான் இருக்கும்."

இந்த முறை இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.