கோழிக்குள்ள ஒரு பை, அதைத் தேடி வந்த வைரஸ்

கோழி வளர்க்கிறவங்ககிட்ட அடிக்கடி கேட்கிற புலம்பல் இது: "தடுப்பு மருந்து போட்டும் வெள்ளைக்கழிச்சல் வந்துடுச்சுங்க." உடனே பழி மருந்து மேல விழும். நிஜக் குற்றவாளி சில சமயம் வேற ஒருத்தன். அவனைப் பிடிச்ச வரலாறுதான் இந்தப் பதிவு.

கோழியோட எச்சத்துவாரத்துக்கு மேல உள்பக்கமா ஒரு சின்னப் பை இருக்கு. இத்தாலிய உடற்கூறு அறிஞர் ஃபாப்ரிசியஸ் இதை விவரிச்சு எழுதினார். அவர் இறந்த பிறகு 1621-ல் அது அச்சானது. பெட்டைக்கோழி விந்தைச் சேமிக்கிற இடம்னு அவர் நினைச்சார். ஆனா சேவலுக்கும் அந்தப் பை இருக்கே! :-) அப்புறம் முந்நூறு வருஷத்துக்கு மேல அதோட வேலை யாருக்கும் பிடிபடலை.

1950-களில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலையில் புரூஸ் கிளிக்னு ஒரு மாணவர் குஞ்சுகள்ல இந்தப் பையை வெட்டி எடுத்துப் பார்த்தார். பெரிசா ஒண்ணும் நடக்கலை. சக மாணவர் டிமோதி சாங், வகுப்பில் எதிர்ப்புப் பொருள் உண்டாவதைக் காட்ட அந்தக் கோழிகளை வாங்கி சால்மோனெல்லா ஊசி போட்டார். பை இல்லாத கோழிகள்ல எதிர்ப்புப் பொருளே காணோம்! 'சயின்ஸ்' இதழ் அந்தக் கட்டுரையைத் திருப்பி அனுப்பிடுச்சு. 1956-ல் 'பவுல்ட்ரி சயின்ஸ்'ல வந்தது. எதிர்ப்புப் பொருள் செய்யும் செல்லுக்கு 'பி செல்'னு பேர் வந்ததே இந்தப் பையோட (பர்ஸா) முதல் எழுத்தால்தான். நமக்கு அந்தப் பை கிடையாது. நம்ம பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகுது.

சரி, குற்றவாளிக்கு வருவோம். டெலாவேர் மாநிலத்தில் கம்போரோங்கிற ஊர்ப் பக்கம் கோழிகளைத் தாக்கின புது நோயை 1962-ல் காஸ்குரோவ் விவரிச்சார். சிறுநீரகம் கெட்டுப் போயிருந்ததால முதலில் சிறுநீரக நோய்னே சொன்னாங்க. ஆனா அந்த வைரஸ் குறி வைக்கிறது பையை. அங்கே வளர்ற பி செல்களைக் கொன்னு போடுது.

மூணிலிருந்து ஆறு வாரக் குஞ்சுக்கு வந்தா நோய் கண்ணுக்குத் தெரியும், சாவும் இருக்கும். மூணு வாரத்துக்குள்ள வந்தா வெளியே ஒண்ணும் தெரியாம போகலாம். அதுதான் ஆபத்து. தடுப்பு மருந்துங்கிறது காவல்காரனுக்கு எதிரியோட போட்டோவைக் காட்டுற மாதிரி. காவல்காரனே செத்துட்டா யாருக்குக் காட்டுறது? சின்ன வயசிலேயே கம்போரோ வந்த குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்து சரியா வேலை செய்யலைன்னு ஆலன், ஃபாராகர், கல்லன் மூணு பேரும் 1972-ல் காட்டினாங்க.

தாய்க்கோழிக்கு முறையா தடுப்பு மருந்து போட்டிருந்தா முட்டை வழியா வர்ற எதிர்ப்புப் பொருள் குஞ்சை முதல் சில வாரம் காப்பாத்தும். வைரஸ் கொட்டகையில் மாசக்கணக்கில் உயிரோட இருக்கும். அதனால அடுத்த தொகுதி குஞ்சை இறக்குறதுக்கு முன்னாடி பழைய கூளத்தை அள்ளிட்டு, கிருமிநாசினி போட்டுக் கழுவிடுங்க. மருந்துக்காரரைத் திட்டுறதை அப்புறம் வெச்சுக்கலாம்.