காவிரிப் பெருமீனும் ஒரு பதிவேடும்

காவிரி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் குடியிருப்பிலுள்ள பெரியோர்க்கு ஆடிப் பதினெட்டும், ஆற்றங்கரையில் அமர்ந்து உண்ட சித்திரான்னமும் நினைவுக்கு வரும். பிறந்தது முதல் இவ்வூர்க் குழாய்நீரையே அறிந்த நம் குழந்தைகளுக்கோ அது பாடப்புத்தகத்தில் வரும் ஒரு நீலக் கோடு. அந்த ஆறு சிவசமுத்திர அருவியில் வீழ்ந்து, மேட்டூரை அடையுமுன் மலைகளுக்கும் காடுகளுக்கும் இடையே ஓடி வரும் பகுதியில், உலகின் பல நாடுகளிலிருந்து தேர்ந்த தூண்டிற்காரர்களைத் தன்பால் ஈர்த்த ஒரு பெருமீன் வாழ்கின்றது. அம்மீனைத் தேடி வந்தவர்களின் வரலாறும், அவர்களுக்கு வழிகாட்டிய பரிசற்காரர்களின் வரலாறும், பிடிபட்ட மீன்களைக் குறித்து வைத்த ஒரு பதிவேட்டின் வரலாறும் நம்மவர் அறியத்தக்கவை என்று கருதி, இம்மலருக்கு இக்கட்டுரையை எழுதலானேன்.

அம்மீனின் பெயர் மகசீர். 'மகா சிர்', அதாவது பெருந்தலை என்பதிலிருந்து இப்பெயர் வந்தது என்பர் சிலர். பெரிய செதிலைக் குறிப்பது என்பர் வேறு சிலர். நம் குளங்களில் துள்ளும் கெண்டைக்கு இது உறவுமுறையே. ஆயினும் கெண்டை கைக்குள் அடங்கும். இதுவோ ஓர் ஆளின் எடைக்கும் வளரும். காவிரியில் வாழும் இனத்திற்குத் தலையை அடுத்து முதுகில் ஒரு திமில் உண்டு, செதில்கள் பொன்னிறமானவை. வாயில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நண்டையும் நத்தையையும் நொறுக்கி உண்ணும். விரைந்து ஓடும் நீரில் பாறைகளின் இடுக்கில் வாழ்வதால் இதன் வலிமை மிகப் பெரிது. தூண்டில் முள் தைத்த மாத்திரத்தில் நீரோட்டத்தோடு பாய்ந்து நூலைப் பாறையில் உரசி அறுத்துவிடும். ஆதலின் புதிதாகத் தூண்டில் பிடித்தவர் இதனை நாடுவதில்லை. பல ஆறுகளில் பழகிய கைகளே இதனைத் தேடி வந்தன.

தூண்டில் விளையாட்டு ஆங்கிலேயர் கொண்டுவந்தது என்று எண்ணுவோர் பலர். அது முழு உண்மையன்று. கல்யாணியில் வீற்றிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூலை இயற்றினான். அரசனுக்கு உரிய பொழுதுபோக்குகளை விரித்துரைக்கும் அந்நூலில் மீன் பிடிக்கும் விளையாட்டுக்குத் தனி இடம் உண்டு. மீன்களின் வகைகள், அவற்றிற்கு இடவேண்டிய இரை, தூண்டிற் கயிறும் கோலும் அமையவேண்டிய முறை ஆகியவை அதில் சொல்லப்படுகின்றன. மீன் இயல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா 1951இல் இப்பகுதியை ஆராய்ந்து கட்டுரை எழுதி உலகறியச் செய்தார்.

ஆங்கிலேயர் காலத்தில் இதற்கு இலக்கணம் வகுத்தவர் சென்னை மாகாண சிவில் உத்தியோகஸ்தராகிய ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர். 1873இல் மங்களூரில் வெளியான இவருடைய 'தி ராட் இன் இந்தியா' என்ற நூல் வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களிடையே பெரும் பெயர் பெற்றது. தம் நாட்டு சால்மன் மீனே தூண்டிலுக்கு அரசன் என்று நம்பியிருந்தவர்களிடம், அளவுக்கு அளவு மகசீரே வலியது என்று வாதாடியவர் அவர். ஆற்றில் நஞ்சு கலந்தும், குஞ்சுகளை வாரியும் மீன் வளத்தை அழிப்பதை அவர் கண்டித்தும் எழுதினார். வெடியும் நஞ்சும் இட்டு மீன் பிடிப்பதைக் குற்றமாக்கிய இந்திய மீன்வளச் சட்டம் 1897இல் பிறந்தது.

பின்னர் வந்தது எடைகளின் காலம். 1906இல் காவிரியில் 104 ராத்தல் மீன் ஒன்றை மர்ரே எய்ன்ஸ்லி பிடித்தார். 1919இல் மேஜர் ரிவெட் கார்னாக் அதே ஆற்றில் 119 ராத்தல் மீனைக் கரை சேர்த்தார். 1946இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், காவிரியின் துணையாறாகிய கபினியில் 120 ராத்தல் மீனைப் பிடித்தார். இன்றைய கணக்கில் அது 54 கிலோவுக்கு மேல். விலங்குகளைப் பாடம் செய்து வைக்கும் தொழிலில் உலகப் புகழ் பெற்ற குடும்பம் அது. அக்காலத்தில் பிடித்த மீன் கரைக்கு வந்தால் அதன் கதை முடிந்தது. சுவரில் மாட்டப்படும், அல்லது உணவாகும்.

1947க்குப் பின் வெள்ளைக்காரர் கப்பலேறினர். காவிரி மகசீரின் பேச்சும் அவர்களோடு மங்கியது. அணைகள் எழுந்தன, காட்டாற்றில் வெடித்தோட்டா வைப்போர் பெருகினர். அந்தப் பெருமீன் மறைந்தே போயிற்று என்று அயல்நாட்டார் எண்ணியிருந்தனர். 1977இல் இங்கிலாந்திலிருந்து மூன்று இளைஞர்கள் இந்திய ஆறுகளில் மகசீரைத் தேடிப் புறப்பட்டனர். காவிரியில் அவர்கள் 92 ராத்தல் மீன் ஒன்றைப் பிடித்துக் காட்டிய செய்தி பரவியதும், தேர்ந்த தூண்டிற்காரர்களின் கண்கள் மீண்டும் காவிரிப் பக்கம் திரும்பின. பெங்களூரில் இயங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கத்தார் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காத்தனர். கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேசுவரி, தொட்டமக்களி, காலிபோரே ஆகிய இடங்களில் முகாம்கள் அமைத்தது. பிடித்த மீனைக் கொல்லாமல், எடை பார்த்து ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அங்கு விதி. பழைய காலத்துக்கும் புதிய காலத்துக்கும் உள்ள பெரு வேறுபாடு இதுவே.

இப்பயணங்களுக்கு உயிராக இருந்தவர்கள் ஆற்றங்கரைச் சிற்றூர்களைச் சேர்ந்த வழிகாட்டிகள். அவர்களைக் 'கில்லி' என்று அழைப்பர். நம் பிள்ளைகள் தெருவில் ஆடும் கில்லியன்று இது. ஸ்காட்லாந்து நாட்டில் வேட்டைத் துணைவனைக் குறிக்கும் சொல், கடல் கடந்து காவிரிக்கரைக்கு வந்து சேர்ந்தது. வந்தவர் எத்தனை நாட்டு ஆறுகளைக் கண்டவராயினும், இங்கே எந்த மடுவில் மீன் கிடக்கும், எந்தப் பாறை நூலை அறுக்கும், எந்தத் திட்டில் முதலை வெயில் காயும், எந்தத் துறையில் யானை நீர் குடிக்க இறங்கும் என்பதை அறிந்தவர் அந்த வழிகாட்டியே.

மழைக்கால வெள்ளம் வடிந்து நீர் தெளிந்த பின், தை மாசி மாதங்களில் தூண்டிற் காலம் சூடுபிடிக்கும். விடியுமுன்னரே வழிகாட்டி கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்து உருண்டை பிடித்து வைத்திருப்பார். மாவின் பதத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. எலுமிச்சை அளவுள்ள உருண்டைக்குள் முள்ளை மறைத்து, ஈயக் குண்டு கட்டி, பாறைகளுக்கு இடைப்பட்ட ஓட்டத்தில் எறிவர். பின்பு காத்திருத்தலே வேலை. சிறு மீன்கள் கொறிக்கும் அசைவையும் பெருமீன் கவ்வும் இழுப்பையும் நூலின் நடுக்கத்திலேயே வழிகாட்டி பிரித்தறிந்து சொல்வார். மீன் பாய்ந்துவிட்டாலோ, தூண்டிற்காரரைப் பரிசலில் ஏற்றிக்கொண்டு சுழிகளுக்கும் பாறைகளுக்கும் இடையே அதனைத் தொடர்ந்து செல்வார். நூல் பாறையில் சிக்கினால் தாமே நீரில் குதித்து விடுவிப்பதும் உண்டு. இறுதியில் களைத்த மீனை நீரிலேயே தாங்கிப் பிடித்து, மூச்சு சீரான பின் விடுவார்.

இந்த ஏற்பாட்டால் ஒரு நன்மை விளைந்தது. முன்னர் வலை வீசியும் வெடி வைத்தும் வாழ்ந்தவர் சிலர், உயிருள்ள மீனால் ஆண்டுதோறும் கூலி வரக் கண்டு, அதன் காவலர்களாக மாறினர். செத்த மீன் ஒரு நாள் சந்தைக்கு. வாழும் மீன் பல நாள் சோற்றுக்கு என்று அவர்கள் கண்டுகொண்டனர்.

ஆனால் நன்மை செய்ய விரும்பியவர்கள் கையாலேயே வேறொன்றும் நடந்தது. மகசீர் குறைந்து வருகிறதே என்ற கவலையால், புனாவுக்கு அருகே லோனாவாலாவில் டாட்டா மின்சார நிறுவனத்தார் நடத்திய குஞ்சு பொரிப்பகத்திலிருந்து மீன்குஞ்சுகள் கொண்டுவரப்பட்டு, 1970களிலிருந்து காவிரியில் விடப்பட்டன. அவையும் மகசீரே; எனினும் கிருஷ்ணா நதிக்கு உரிய நீலச் செட்டை இனம். மகசீர் எல்லாம் மகசீரே என்று எண்ணிய காலம் அது. பிறந்த மண்ணை விட்டு வந்து வேற்றூரில் வாழும் நாம் அந்த மீனைக் குறை கூறலாகாது. அது தானாக வரவில்லை, மனிதர் கொண்டுவந்து விட்டனர். பிழை, வேறுபாட்டை அறியாமல் விட்ட கையினுடையது.

இங்கேதான் பதிவேட்டின் கதை வருகிறது. காலிபோரே முகாமில் நாள்தோறும் எவர் எத்தனை மணி நேரம் தூண்டிலிட்டார், எத்தனை மீன் பிடித்தார், எவ்வகை, என்ன எடை என்று எழுதி வந்தனர். 1998 முதல் 2012 வரையிலான அக்குறிப்புகளை அறிவியலார் சிலர் எடுத்துக் கூட்டிப் பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டனர். 23,620 மணி நேரத் தூண்டில், 6,161 மீன்கள். ஆண்டுக்கு ஆண்டு பிடிபட்ட எண்ணிக்கை ஏறியிருந்தது. சராசரி எடையோ இறங்கியிருந்தது. ஏறியவை நீலச் செட்டை மீன்கள். திமில் மீன்களோ வரவரச் சிலவாகி, பிடிபட்டவையும் பெரும்பாலும் முதிர்ந்தவையாகவே இருந்தன. அவற்றின் குஞ்சுகள் காணோம். ஒரு குடும்பத்தில் பாட்டன்மார் மட்டும் இருந்து, தொட்டில் வெறுமையாய்க் கிடந்தால் அதன் பொருள் என்ன? வேற்றினத்தை விட்டது இதற்குரிய காரணங்களுள் முதன்மையான ஒன்று என்று அவ்வறிவியலார் கருதினர். அணைகளும், வறட்சியும், வெடியும் உடன் நின்றன.

வாழ்நாளில் பாதியைப் பேரேடுகளோடு கழித்த எழுத்தன் நான். ஆதலின் இச்செய்தி என்னை விட்டு அகலவில்லை. அப்பதிவேட்டில் பொய் எழுதப்படவில்லை. ஒரு நாளும் விடுபட்டதாகவும் எவரும் குறை கூறவில்லை. ஒவ்வொரு நாளின் வரியும் மகிழ்ச்சியான வரி; நேற்றைவிட இன்று மிகுதி என்று கூறும் வரி. இனவாரியாகப் பிரித்து, பக்கத்தின் அடியில் கோடிட்டுக் கூட்டிப் பார்க்க மட்டும் பதினைந்து ஆண்டுகள் ஆயின. எனினும் அந்த ஏடு இல்லாதிருந்தால், அம்மீன் குறைந்தது என்பதற்குச் சான்றே இருந்திராது. காட்டிலே, விளக்கு வெளிச்சத்தில், ஈரக் கையோடு எழுதியவர்களை நாம் வாழ்த்தவே வேண்டும்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சரணாலயத்திற்குள் தூண்டில் இடுவதும் வேட்டையே என்று கொள்ளப்பட்டு, 2012ஓடு அங்குத் தூண்டில் நின்றது. பொழுதுபோக்குக்காக ஓர் உயிரை முள்ளில் மாட்டி இழுப்பது சரணாலயத்திற்கு அடுக்குமா என்ற கேள்வி நியாயமானது. வழிகாட்டிகளின் பிழைப்பு போயிற்றே, ஆற்றைக் காத்த கண்களும் போயினவே என்ற வருத்தமும் நியாயமானதே. தூண்டில் நின்றதோடு பதிவேடும் நின்றது என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொல்வேன்.

வியப்பு இன்னொன்று உண்டு. நூறாண்டுக்கு மேல் உலகம் தேடி வந்த இத்திமில் மீனுக்கு, அதுவரை அறிவியலில் உறுதியான பெயரே இல்லை. பெயரும் முகவரியும் இல்லாதவனுக்குப் பங்கீட்டு அட்டை கிடைக்குமா? அழியும் உயிர்களின் உலகப் பட்டியலிலும் அப்படியே இதற்கு இடம் கிட்டவில்லை. 2018இல் தான் விடை கிடைத்தது. கேரளத்து மலையில் பிறந்து அமராவதியோடு கலக்கும் பாம்பாற்றில் பிடித்த மீனை வைத்து, 2007இல் 'டோர் ரேமாதேவி' என்று ஓர் இனத்திற்குப் பெயரிட்டிருந்தனர். மீன் ஆய்வில் தேர்ந்த ரேமாதேவி அம்மையாரைச் சிறப்பிக்கும் பெயர் அது. காவிரியின் திமில் மீனும் அதுவே என்று அறிவியலார் நிறுவினர். அமராவதி என்றால் நமக்கு அயலா? உடுமலையும் தாராபுரமும் கடந்து, கரூரை அடுத்துக் காவிரியில் கலக்கும் ஆறன்றோ! அவ்வாண்டே உலகப் பட்டியலில் அது மிகக் கொடிய இடருக்கு உட்பட்ட இனமாகச் சேர்க்கப்பட்டது.

பெயர் கிடைத்துவிட்டது, இருக்கும் இடங்களும் தெரிந்துள்ளன. பாம்பாற்றிலும் நீலகிரி அடிவாரத்து மோயாற்றிலும் அது இன்னும் உயிரோடு உள்ளது. விடுமுறைக்கு ஊர் செல்லும் அன்பர்கள் காவிரிப் பாலத்தை வண்டி கடக்கும்போது, குழந்தைகளைச் சன்னல் அருகே அழைத்து நீரைக் காட்டுவது நம் வழக்கம். இனி அப்படிக் காட்டும்போது, இந்த ஆற்றின் மேற்பகுதியில் பொன்னிறத் திமில் மீன் ஒன்று வாழ்கிறது, அதனைக் கேழ்வரகு உருண்டையால் அழைக்கத் தெரிந்த மனிதர்கள் இருந்தார்கள் என்றும் சொல்லி வைப்போம். அக்குழந்தைகளுள் ஒன்று வளர்ந்து அந்தப் பதிவேட்டின் அடுத்த பக்கத்தைத் திறக்குமானால், இக்கட்டுரை எழுதிய பயனை நான் பெற்றவனாவேன்.