உயரத்துக்குக் கிடைத்த மானியம்

வேலையில் இருந்தவரை பில்களைச் சரிபார்த்தே தலை நரைத்தவன் நான். அதனாலோ என்னவோ, எந்தக் கட்டட விபத்தைப் பற்றிப் படித்தாலும், பணம் எந்த விதிப்படி வந்தது என்றுதான் முதலில் தேடுவேன்.

பிரிட்டனில் நகராட்சிகளே வீடு கட்டி வாடகைக்கு விடும். மத்திய அரசு மானியம் தரும். 1956-ஆம் ஆண்டுச் சட்டம், மாடிகள் கூடக் கூட ஒவ்வொரு வீட்டுக்குமான மானியத்தையும் கூட்டியது. நகராட்சிகள் உயரப் பார்த்தன.

அப்படிப்பட்ட ஒன்றுதான் கிழக்கு லண்டனின் ரோனன் பாயின்ட். 22 மாடி. ஆலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கி எழுப்பியது. குடிவந்து ஏறக்குறைய இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். 1968 மே 16 விடியற்காலை, 18-ஆவது மாடியில் ஒரு பெண்மணி டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நால்வர் இறந்தனர். அந்தப் பெண்மணி பிழைத்துக்கொண்டார்.

உயரத்துக்கான கூடுதல் மானியம் 1967-லேயே நின்றுவிட்டது. ஓரிடம் உடைந்தால் மொத்தமும் சரியக்கூடாது என்ற விதியோ 1970-இல்தான் வந்தது. 1986-இல் கட்டடத்தைப் பிரித்தபோது, பலகை இணைப்புகளில் கலவையே சரியாக நிரப்பவில்லை என்று தெரிந்தது.

மாடிகளை எண்ணிப் பணம் கொடுத்தவர்கள், இணைப்புகளையும் கொஞ்சம் தட்டிப் பார்த்திருக்கலாம்.