திருவண்ணாமலையில் ஒரு கிறிஸ்துமஸ் பந்தி

கார்த்திகைத் தீபம் முடிந்து மலை உச்சியிலிருந்து கொப்பரை இறங்கும் நாட்களில் திருவண்ணாமலைக்கு இன்னொரு கூட்டம் வந்து சேர்கிறது. செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் மாதக்கணக்கில் வீடெடுத்துத் தங்குகிறார்கள். அவர்களுக்கான உணவகங்களில் கோதுமை ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கிடைக்கும். ஆனால் டிசம்பர் 25 அன்று வான்கோழி வறுவலும் பிளம் புட்டிங்கும் சேர்ந்த முறையான கிறிஸ்துமஸ் சாப்பாட்டைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். வெளிநாட்டவர் திரளும் தாய்லாந்தில் அந்த நாள் அரசு விடுமுறைகூட இல்லை; ஆனாலும் பாங்காக்கிலும் பட்டாயாவிலும் ஓட்டல்கள் அந்த விருந்தைத் தலைக்கு இவ்வளவு என்று விலை போட்டு விற்கின்றன. திருவண்ணாமலையில் அரசு விடுமுறை உண்டு, தேவாலயங்கள் உண்டு, டேனிஷ் மிஷன் பள்ளி உண்டு. விருந்து மட்டும் விற்பனைக்கு இல்லை. கோயில் ஊர், சைவ ஊர், அதனால்தான் என்று சொல்லிவிடுவது எளிது. ஊருக்குள் பிரியாணிக் கடைகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்தவர் யாரும் அதை ஒப்புக்கொள்ளமாட்டார். காரணம் வேறு. கிறிஸ்துமஸ் சாப்பாட்டின் பழமை அதன் பண்டங்களில் இல்லை, பந்தியில் இருக்கிறது. இலையில் என்ன என்பதைவிட, பக்கத்து இலையில் யார் என்பதே இந்த ஊர் நெடுங்காலமாக மல்லுக்கட்டிய கேள்வி என்பது என் வாதம்.

முதலில் பண்டங்களின் வயதைப் பார்ப்போம். வான்கோழி மெக்சிகோவில் வளர்ப்புப் பறவையாகி, பதினாறாம் நூற்றாண்டில் கடல் கடந்து இங்கிலாந்துக்கு வந்தது. வந்த பிறகும் நெடுங்காலம் அது பணக்காரர் வீட்டுப் பண்டம். 1843-இல் வெளியான டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையில் ஏழைக் கிராட்சிட் குடும்பத்தின் மேசைக்கு வருவது வாத்துதான். வான்கோழி, மனம் திருந்திய முதலாளி காசு கொடுத்து வாங்கியனுப்பும் பரிசு. சாதாரண ஆங்கிலக் குடும்பங்களுக்கு அது கட்டுப்படியானது இருபதாம் நூற்றாண்டில்தான். புட்டிங்கின் கதை இன்னும் வேடிக்கை. 1927-இல் பேரரசுச் சந்தை வாரியம் என்ற பிரிட்டிஷ் அரசு அமைப்பு, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சமையற்காரரிடமிருந்து ஒரு செய்முறையைப் பெற்று விளம்பரம் செய்தது. ஆஸ்திரேலிய உலர்திராட்சை, சான்சிபார் கிராம்பு, இந்தியாவின் மசாலா என்று ஒவ்வொரு பொருளுக்கும் பேரரசின் ஒரு பகுதியின் பெயர். எந்த நாட்டுச் சரக்குக்கும் மனத்தாங்கல் வராதபடி எழுதப்பட்ட அந்தச் செய்முறையைச் சமையல் குறிப்பு என்பதைவிட வணிகப் பேரேடு என்பதே பொருந்தும். இன்றைக்குப் பாரம்பரியம் என்று தேடப்படும் தட்டு, பெரும்பகுதி விக்டோரியா அரசியின் காலத்திலும் அதற்குப் பிறகும் கூட்டிச் சேர்த்தது.

அந்தத் தட்டு சென்னை மாகாணத்துக்கு வந்தபோது அதைச் சமைத்தவர்கள் தமிழர்கள். ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் எழுதிய சமையல் நூல் 1878-இல் சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் வெளியீடாக வந்தது. சென்னை ஆங்கிலேயர் வீட்டுச் சமையற்காரர் எல்லாருக்கும் அவர் வைத்த பொதுப் பெயர் ராமசாமி. விருந்து என்றாலே தகர டப்பாக்களை உடைக்கும் வழக்கத்தை அந்த நூல் கண்டிக்கிறது. சந்தையில் கிடைப்பதைக் கொண்டு ராமசாமியால் நல்ல விருந்து ஆக்க முடியும், துரைசானிகள்தான் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. மேற்குக் கரையிலும் இதே கதைதான். 1883-இல் தலைச்சேரியில் மாம்பள்ளி பாப்பு ஒரு தோட்ட முதலாளிக்காகச் செய்து கொடுத்த கேக்கே இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆக, அடுப்பில் கைகள் மாறின, சரக்கு மாறியது, செய்முறையும் உள்ளூர்க் கைப்பக்குவத்துக்கு வளைந்தது. வளையாமல் நின்றது ஒன்றே ஒன்று: ராமசாமி விருந்தைச் சமைக்கலாம், பரிமாறலாம், அந்த மேசையில் உட்கார முடியாது.

திருவண்ணாமலைப் பகுதிக்குக் கிறிஸ்துமஸைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் துரைமார் அல்லர், டேனிஷ் மிஷனரிகள். அந்த மிஷன் இங்கே வேர்விட்டதற்கே ஒரு சாப்பாட்டுத் தகராறு பின்னணியாக இருக்கிறது. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு சாதி குறித்து ஒரு தீர்மானம் வெளியிட்டது. சாதியை விட்டதற்கு அடையாளமாக, தாழ்த்தப்பட்டவர் சமைத்த உணவை எல்லாரோடும் சேர்ந்து உண்ணவேண்டும். உண்ணாதவருக்குச் சபையில் இடமில்லை என்பது அதன் சாரம். அன்பின் விருந்து என்ற பெயரில் பல இடங்களில் இந்தப் பந்தி ஒரு தேர்வாகவே நடத்தப்பட்டது. லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் சாதி சமூக வழக்கம், மெல்ல மாறட்டும் என்று ஒதுங்கி நின்றது. அந்த மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் அதை ஏற்காமல் பிரிந்து, பண்ருட்டிக்குப் பக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே பணி தொடங்கினார். 1860-களில் டேனிஷ் மிஷன் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கும் திருவண்ணாமலையின் டேனிஷ் மிஷன் பள்ளிக்கும் வேர் அங்கே இருக்கிறது. இந்தச் சபையின் பிறப்பில் இலையில் எந்தக் கறி விழுந்தது என்பதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. யார் சமைத்தது, யாரோடு உட்கார்ந்து உண்பது என்பதற்காக ஒரு மிஷனே இரண்டுபட்டது.

அடுத்த தலைமுறையில் அதே கேள்வி வெள்ளையரை நோக்கியே திரும்பியது. டேனிஷ் மிஷன் சார்பில் திருக்கோவிலூரில் பணியாற்றிய எஸ்தர் ஃபேரிங்கும், அவருடைய தோழி ஆன் மேரி பீட்டர்சனும் 1917-இல் சபர்மதிக்குப் போய்க் காந்தியைச் சந்தித்தார்கள். மிஷன் தலைமைக்கு அது பிடிக்கவில்லை. எஸ்தர் மிஷனை விட்டு விலகி, பிறகு ஒரு மலையாள மருத்துவரை மணந்தார். பீட்டர்சன் பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் என்ற பெண்கள் பள்ளியைத் தொடங்கினார். 1921-இல் காந்தி அதற்கு அடிக்கல் நாட்டினார். இந்தியரோடு வாழ வந்துவிட்டு இந்தியரிடமிருந்து எட்டி நிற்கும் பங்களா வாழ்க்கை இந்தப் பெண்களுக்கு உறுத்தியது. சமபந்தி என்பது உள்ளூர்க்காரர்களுக்கு வைக்கும் தேர்வு மட்டுமாக இருந்தால் அது பாதி நேர்மைதான் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

ரமணாசிரமத்துக்கு வந்த வெளிநாட்டவர் வேறு வகை. 1931-இல் ஆங்கில எழுத்தாளர் பால் பிரண்டன் வந்தார். 1934-இல் வெளியான அவருடைய நூல் பலரை இழுத்து வந்தது. 1935 நவம்பரில் வந்த மேஜர் சாட்விக் 1962-இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். திபெத்திய நூல்களைப் பதிப்பித்த எவான்ஸ்-வென்ட்ஸ் 1935-இன் தொடக்கத்தில் வந்திருந்த நாட்களில் ஐரோப்பியரின் உணவுப் பழக்கம் பற்றிப் பேச்சு எழுந்தது. பழக்கம் என்பது சூழலுக்கு ஒத்துப்போவதுதான், சில உணவுகளைச் சுவை என்று மனம் பழகியிருக்கிறது என்கிற போக்கில் ரமணர் பதில் சொன்னார். பண்டத்தை இப்படி இலேசாகக் கழித்துவிட்டவர் பந்தியை அப்படி விடவில்லை. விடியுமுன்னே சமையற்கட்டில் காய் நறுக்க உட்கார்ந்தவர், தமக்கென்று தனியாக எதுவும், ஒரு கரண்டி கூடுதலாகக்கூட, இலையில் விழ அனுமதிக்கமாட்டார். அவர் காலத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் பிராமணர் ஒரு புறம், மற்றவர் மறுபுறம், நடுவே தடுப்பு. வெள்ளையருக்கு இடம் மற்றவர் பக்கத்தில். ரமணர் உட்கார்ந்தது இரு புறமும் தெரியும் இடத்தில். விசேஷ நாள் ஒன்றில் பரதேசிகள் இப்போது உள்ளே வரக்கூடாது என்று யாரோ குரல் கொடுக்க, தாமும் பரதேசிதானே என்று அவர் எழுந்துபோய் மரத்தடியில் அமர்ந்துவிட்டதாக ஆசிரமத்தார் நினைவுகளில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. மார்கழிப் புனர்பூசத்தில் வரும் அவருடைய ஜயந்தி பல ஆண்டுகளில் கிறிஸ்துமஸை ஒட்டியே அமைகிறது. பிறந்தநாள் கொண்டாட்டத்தில் அவருக்கு உடன்பாடில்லை. அன்பர்கள் 1912-இலிருந்து அதைக் கொண்டாடத் தொடங்கினார்கள். அன்னதானம் அதன் அங்கமானது. டிசம்பர் முடிவில் ஒரு பிறப்பை விருந்தால் கொண்டாடும் பழக்கம், ஆக, இங்கு வந்த ஐரோப்பியருக்கு வேறு வடிவில் முன்பே காத்திருந்தது.

தாய்லாந்தும் திருவண்ணாமலையும் ஒரே குடும்பத்தின் கதையில் சந்தித்ததுண்டு. ஆர்தர் ஆஸ்போர்ன் என்ற ஆங்கிலேயர் பாங்காக்கின் சூலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். 1941-இல் மனைவி லூசியாவும் மூன்று குழந்தைகளும் திருவண்ணாமலையில் தங்க, அவர் வேலைக்குத் திரும்பினார். அந்த டிசம்பரில் ஜப்பானியர் தாய்லாந்தில் இறங்கினார்கள். நேச நாட்டுக் குடிமக்கள் பாங்காக்கில் முகாமில் அடைக்கப்பட்டார்கள். போர் முடிந்து 1945-இல்தான் ஆஸ்போர்ன் இங்கு வந்து சேர்ந்தார். நான்கு கிறிஸ்துமஸ்கள் அந்தக் குடும்பம் பிரிந்தே இருந்தது. குழந்தைகளில் ஒருவர் ஆடம். கையோடு தூக்கிச் செல்லும் ஆஸ்போர்ன் கணினியை 1981-இல் சந்தைக்குக் கொண்டுவந்தவர். ஆர்தர் 1964-இல் ஆசிரமத்தின் ‘மவுண்டன் பாத்’ இதழைத் தொடங்கினார். அந்த நான்கு ஆண்டுகளில் இந்த வீட்டுக்குக் குறையாக இருந்தது வான்கோழி என்று யாரும் சொல்லமாட்டார்கள். பந்தியில் ஓர் இடம் காலியாக இருந்தது.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு: இவர்கள் துறவை நாடி வந்தவர்கள், விருந்தைத் தேடாததில் வியப்பென்ன, இவர்களை வைத்து எல்லாருக்கும் பொதுவாகப் பேசலாமா? பாதி சரி. ஆள வந்தவர் தம் சாப்பாட்டைச் சமையற்காரரோடு கொண்டுவந்தார். ஓய்வெடுக்க வருபவருக்கு ஓட்டல்காரர் அதை விற்கிறார். துறக்க வந்தவர் அதை விட்டுவிட்டார். திருவண்ணாமலையில் அந்த வணிகம் வளராததற்கு இதுவே நேரான காரணம். ஆனால் இந்தப் பட்டியலே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. வந்த நோக்கத்துக்கு ஏற்பப் பண்டம் வருகிறது, போகிறது. யாரோடு உட்காருவது என்ற கேள்வியிலிருந்து மட்டும் துறவியும் தப்பவில்லை. ஆசிரமத்துத் தடுப்பே அதற்குச் சாட்சி. இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. நாக்கின் நினைவு பொய்யல்ல; அயலூரில் இருப்பவருக்கு அம்மா கைப்பக்குவம் வெறும் பண்டமில்லை. சிங்கப்பூரில் பொங்கலன்று வெண்கலப் பானையைத் தேடும் தமிழரிடம், பானை முக்கியமில்லை என்று சொன்னால் அவர் சிரிப்பார். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த நினைவில் சுவை தனியாக இல்லை; யார் கையால், யார் அருகில் என்பதோடு பின்னியே இருக்கிறது. போலந்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்தில் இறைச்சியே கிடையாது. எதிர்பாராமல் வருபவருக்காக ஒரு தட்டும் இருக்கையும் காலியாக வைக்கப்படும். வான்கோழி இல்லாத அந்தப் பந்தியைப் பாரம்பரியமில்லை என்று யார் சொல்வார்?

மூன்றாவது மறுப்பு என் பக்கத்திலிருந்தே எழுகிறது. சமபந்தி வென்றதா? இல்லையே. சாதி தமிழகத் திருச்சபைகளிலிருந்து போய்விடவில்லை. கல்லறையில்கூடப் பிரிவினை பார்த்த ஊர்கள் உண்டு. தீர்மானம் போட்ட மிஷனரிகள் பலர் தம் வீட்டு மேசையை உள்ளூர்ச் சபையாருக்குத் திறந்துவிடவும் இல்லை. தோற்றுப்போன ஒன்றைப் பாரம்பரியம் என்று எப்படிச் சொல்வது? பாரம்பரியம் என்பது எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தது என்று கொண்டால் எந்தச் சமூகத்திலும் அது மிஞ்சாது. தலைமுறைதோறும் எதைக் குறித்து மனிதர்கள் வழக்காடினார்கள், எதற்காகப் பிரிந்தார்கள், எதை மீறியபோது குற்ற உணர்வு கொண்டார்கள் என்று பார்ப்பதே மேல். அந்த அளவுகோலில் பந்தி நிற்கிறது, வான்கோழி நிற்கவில்லை. வான்கோழி இல்லாததற்காக எந்தச் சபையும் உடையவில்லை.

திருவண்ணாமலையில் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு இல்லை என்பதும் உண்மையல்ல. அது விற்பனைக்கு இல்லை, அவ்வளவுதான். அதிகாலை ஆராதனை முடிந்து, அச்சு முறுக்கும் அதிரசமும் கேக் துண்டும் அடுக்கிய தட்டுகள் அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குப் போய்வந்தபின், கிறிஸ்தவர் வீடுகளில் மதியத்துக்கு மட்டன் பிரியாணி. ஆற்காட்டு நவாபுகள் காலத்துச் சமையல் ஆம்பூர் வழியாக இந்த வட்டாரம் முழுக்கப் பரவிய வகை அது. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, தயிர், தக்காளியோடு வெந்த கறியில் அரைவேக்காடாக வடித்த சீரகச் சம்பாவைக் கொட்டி, தேக்சாவை மூடி, மூடிமேல் தணலைப் பரப்பித் தம் போடுவார்கள். தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்த் தொக்கும் தயிர் வெங்காயமும். ஆள் கூடும் வீடுகளில் சமைப்பவர் பெரும்பாலும் ஒரு பாயாகவே இருப்பார். மன்னரின் புட்டிங்கில் விழுந்த அதே பட்டையும் கிராம்பும் இந்தத் தேக்சாவிலும் விழுகின்றன. வேறுபாடு, இங்கே பாய்க்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஓர் இலை உண்டு என்பதில் இருக்கிறது. இந்தச் சாப்பாட்டுக்கு விலைப்பட்டியல் கிடையாது, முன்பதிவு கிடையாது. தெரிந்தவர் ஒருவர் வாங்க என்று அழைக்கவேண்டும். ஆறு மாதம் தங்கியும் அப்படி அழைக்க ஒரு வீடு அமையாத வெளிநாட்டவருக்குக் கிடைக்காமல் போவது வான்கோழி அல்ல, அந்த அழைப்புத்தான். அதற்கு ஊர்க்காரரும் பாதிப் பொறுப்பு.