சுங்கத்தில் பணம் போனதால் வந்த புத்தகம்

1500ஆம் ஆண்டு ஜனவரி மாதம், இங்கிலாந்தின் டோவர் துறைமுகம். பிரான்சுக்குக் கப்பலேற நின்ற ஹாலந்துக்காரர் ஒருவரிடம் சுங்க அதிகாரிகள் சோதனை போட்டார்கள். ஏறத்தாழ இருபது பவுண்டு இருந்தது. பொன்னும் வெள்ளியும் நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாதென்று சட்டம். இரண்டு பவுண்டை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பறிமுதல் செய்துகொண்டார்கள். அந்தப் பணத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று நண்பர்கள் தாமஸ் மோரும் மவுண்ட்ஜாய் பிரபுவும் அடித்துச் சொல்லியிருந்தார்கள். மோர் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தவர் என்பதுதான் வேடிக்கை.

பணத்தைப் பறிகொடுத்தவர் அறிஞர் எராஸ்மஸ். பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது கையிலும் காசில்லை, உடம்பும் சரியில்லை. இங்கிலாந்தை வசைபாடி ஏதாவது எழுதுவார் என்று பலர் காத்திருந்தார்கள். அவரோ, படித்தபோதெல்லாம் குறித்துவைத்திருந்த கிரேக்க, லத்தீன் சொலவடைகளில் 818ஐத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் சில வரி விளக்கம் எழுதி, அதே ஆண்டில் அச்சேற்றிவிட்டார். காணிக்கை யாருக்கு? தவறான யோசனை சொன்ன அதே மவுண்ட்ஜாய் பிரபுவுக்கு! வசைபாடியிருந்தால் வயிறு நிறைந்திருக்காது. இதில் புரவலரும் கைவிட்டுப் போகவில்லை, புத்தகமும் விற்றது.

அக்கால ஐரோப்பாவில் பள்ளி, கோயில், அரசவை எல்லாவற்றுக்கும் லத்தீன்தான் மொழி. கடிதம் எழுதினாலும் மேடை ஏறினாலும் நாலு பழமொழி எடுத்துவிடத் தெரிந்தால் படித்தவன் என்று மதிப்பார்கள். தேடி அலையாமல் அவற்றை ஒரே இடத்தில் கொடுத்த புத்தகத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் அந்தத் திரட்டு வளர்ந்து 'அடாஜியா' என்று நாம் அறிந்த பெரும் நூலான இடம் வெனிஸ். அங்கே ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பெரிய அச்சாளர் இருந்தார். அவருடைய அச்சுக்கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து எராஸ்மஸ் எழுத, எழுதிய தாளை அப்படியே எடுத்துப்போய் எழுத்துக் கோத்தார்கள். சுற்றிலும் அச்சுப்பொறிகளின் சத்தம். நினைவிலிருந்து பாதி எழுதினார்; வெனிஸில் இருந்த அறிஞர்கள் இரவல் கொடுத்த கிரேக்கச் சுவடிகளைப் பார்த்துப் பாதி எழுதினார். மெய்ப்பை அவர் பார்த்த பிறகு ஆல்டஸும் ஒருமுறை பார்ப்பார். எதற்கு இந்த வீண் வேலை என்று எராஸ்மஸ் கேட்டதற்கு, அப்படியே படித்துக்கொண்டும் இருக்கிறேனே என்றாராம். 1508 செப்டம்பரில் புத்தகம் வந்தபோது சொலவடைகளின் எண்ணிக்கை 3,260.

தங்கலும் சாப்பாடும் ஆல்டஸின் மாமனார் டோரெசானி வீட்டில். அந்த வீட்டுத் தண்ணீர் கலந்த ஒயினையும் அற்பச் சாப்பாட்டையும் எராஸ்மஸ் மறக்கவே இல்லை. 23 வருடம் கழித்து, ஒரு கஞ்சப் பணக்காரனைப் பற்றிய உரையாடலாக எழுதித் தீர்த்துக்கொண்டார். விருந்தோம்பியவரை இப்படி எழுதியிருக்க வேண்டாம்தான். என்ன செய்வது, படிக்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த அச்சுக்கூடத்தின் முத்திரையே ஒரு பழமொழிதான். 'ஃபெஸ்டினா லென்ட்டே', அதாவது விரைந்து செய், ஆனால் நிதானமாக. நம் ஊரில் 'பையச் சென்றால் வையம் தாங்கும்' என்போமே, அதற்குப் பக்கத்து வீடு. டைட்டஸ் பேரரசர் காலத்து வெள்ளிக்காசு ஒன்றை ஆல்டஸ் எராஸ்மஸிடம் காட்டினார். நங்கூரம் ஒன்று, அதைச் சுற்றிக்கொண்டு ஒரு டால்பின். நங்கூரம் நிதானம், டால்பின் வேகம் என்று பொருள் சொல்லி, அந்த ஒரு பழமொழிக்கே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார் எராஸ்மஸ். லத்தீனில் புகழ்பெற்ற அந்த வாசகத்தையும் அகஸ்டஸ் சீசர் கிரேக்கத்தில்தான் சொல்லிவந்தார். லத்தீன் பழமொழி என்று இன்று எடுத்துக்காட்டப்படுபவற்றில் இப்படிக் கிரேக்கத்திலிருந்து வந்தவை நிறைய.

பெயர்க்கும்போது எராஸ்மஸ் சறுக்கிய இடங்களும் உண்டு. கிரேக்கப் புராணத்துப் பண்டோரா கதையில் கவிஞர் ஹெசியட் சொன்னது பெரிய தாழி. எராஸ்மஸ் கையில் அது சிறு பெட்டியானது. இன்று உலகம் முழுவதும் 'பண்டோராவின் பெட்டி'தான். உள்ளதை உள்ளபடி சொல்பவர்களைப் பற்றிய கிரேக்க வழக்கில் 'தொட்டியைத் தொட்டி என்பவன்' என்று இருந்தது. எராஸ்மஸ் அதை மண்வெட்டி என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் எழுதினார். 1542இல் நிக்கோலஸ் யூடால் அவருடைய இன்னொரு நூலை ஆங்கிலமாக்கியபோது மண்வெட்டியே அதில் ஏறிக்கொண்டது. இன்றும் ஆங்கிலேயர்கள் வெளிப்படையாகப் பேசுபவரை 'மண்வெட்டியை மண்வெட்டி என்பவர்' என்கிறார்கள். மூலத்தைப் பார்த்து இதைத் திருத்த யாரும் மெனக்கெட வேண்டியதில்லை என்பேன். ஐந்நூறு ஆண்டு புழங்கிய பிறகு பிழையே மூலமாகிவிடுகிறது.

1539இல் ரிச்சர்ட் டாவர்னர் 'அடாஜியா'விலிருந்து ஒரு பகுதியை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதற்குள் எராஸ்மஸ் இறந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. சாகும்வரை அவர் சேர்த்துக்கொண்டே போனதில், 1536இல் வந்த பதிப்பில் 4,151 சொலவடைகள் இருந்தன. பழமொழி விளக்கம் என்ற பெயரில் போரையும் மன்னர்களையும் பாதிரிமார்களையும் அவர் இடையிடையே ஒரு பிடி பிடித்திருந்தார். அது திருச்சபைக்குப் பிடிக்கவில்லை. 1559இல் அவருடைய எழுத்து முழுவதையும் ரோம் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஆனால் 'அடாஜியா' இல்லாமல் லத்தீன் வாத்தியார்களுக்குப் பிழைப்பு ஓடாது. எனவே உறுத்தும் பகுதிகளை வெட்டித் தரும் வேலை, ஆல்டஸின் மகன் பாவுலோ மனூட்டியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. 1575இல் ஃபிளாரன்ஸில் அந்தப் பதிப்பு வெளிவந்தது. முகப்பில் பாவுலோவின் பெயர் இருந்தது; எராஸ்மஸின் பெயர் இல்லை.